இலைக்கு விலங்கு, கோலாவுக்கு விலக்கு

காட்டில் தானாக முளைக்கும் ஒரு செடியைத் தேடிப் போய் வேரோடு பிடுங்க வேண்டும் என்று உலக நாடுகள் கூடி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கின்றன. ஐ.நா.வின் 1961-ஆம் ஆண்டு போதைப்பொருள் தனி உடன்படிக்கை, 26-ஆம் பிரிவு. செடியின் பெயர் கோகா. யாரும் நடவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. யாரும் விற்கவும் இல்லை. முளைத்ததே குற்றம்.

அடுத்த பிரிவையும் படித்துவிடுங்கள். 27. அதே இலையிலிருந்து வாசனைச் சாறு எடுத்துக்கொள்ளலாம். அதற்காக இலையை விளைவிக்கலாம், வாங்கலாம், ஏற்றலாம், இறக்கலாம். சாற்றில் போதைச் சத்து இருக்கக் கூடாது, அவ்வளவுதான். யாருக்காக இந்தச் சலுகை என்று பெயர் போட்டு எழுதவில்லை. அவசியமும் இல்லை. நம் பெட்டிக்கடைக் குளிர்பதனப் பெட்டியில் சிவப்பு லேபிளோடு நிற்கிறதே, அதுதான். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மேவுட் என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெபான் என்ற கம்பெனி பெரு நாட்டிலிருந்து கோகா இலையை உரிமத்தோடு இறக்குமதி செய்கிறது. பிரித்தெடுத்த கொகெய்ன் மருந்துக் கம்பெனிக்கு. மிஞ்சிய சாறு கோலாவுக்கு. கோலாக்காரர்கள் தங்கள் சமையல் ரகசியம் பற்றி வாய் திறப்பதில்லை. வாய் திறந்து குடிப்பது நம் வேலை.

காட்டுச் செடிக்கு மரண தண்டனை, கம்பெனிக்குத் தனி வாசல். இரண்டையும் எழுதியது ஒரே பேனா.

சரி, இந்த இலையோடு வாழ்கிறவர்கள் யார்? பொலிவியாவிலும் பெருவிலும் ஆண்டீஸ் மலை மேல் இருக்கும் அய்மாரா, கெச்சுவா மக்கள். கொலம்பியாவின் காவுகா மலைகளில் நாசா மக்கள் (ராக்கெட் விடும் நாசா அல்ல, அவர்களுக்குத்தான் பணம் வருகிறதே). லா பாஸ் நகரம் கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அங்கே ஒரு பெண் இலையை ஒவ்வொன்றாக எடுக்கிறாள். நடு நரம்பைப் பல்லால் உருவித் துப்புகிறாள். இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறாள். கீன்வாத் தண்டைச் சுட்டுச் செய்த சாம்பல் உருண்டையில் ஒரு துணுக்குக் கிள்ளி அதோடு சேர்க்கிறாள். சாறு மெல்ல இறங்குகிறது. களைப்பும் பசியும் கொஞ்சம் தள்ளி நிற்கின்றன. சுரங்கத் தொழிலாளிக்கும் இதுதான், இரவு லாரி ஓட்டுகிறவருக்கும் இதுதான். பெண் கேட்கப் போனால் இலை. சாவு வீட்டில் இலை. ஊர்க்கூட்டம் என்றால் நெய்த சிறு துணியை விரித்து நடுவில் இலை. வெற்றிலையும் சுண்ணாம்புமாகத் தாம்பூலம் மாற்றிக்கொள்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகங்கள் இருக்கும் வியன்னாவில்தான் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இலையில் கொகெய்ன் இருப்பது ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்குள். அதைத் தூளாக்க நூற்றுக்கணக்கான கிலோ இலை வேண்டும், பெட்ரோல் வேண்டும், சிமெண்டு வேண்டும், அமிலம் வேண்டும். எந்த அய்மாராப் பாட்டியின் அடுப்படியிலும் இந்தச் சாமான்கள் இருந்ததில்லை. 1860-இல் கொகெய்னைப் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆல்பர்ட் நீமான். அதைக் காய்ச்சிக் கட்டி விற்றது மெர்க். புகழ்ந்து எழுதியவர் வியன்னாவின் டாக்டர் ஃபிராய்டு. செடியைக் கப்பலேற்றி ஜாவாவில் தோட்டம் போட்டு ஏற்றுமதியில் கொழித்தவர்கள் டச்சுக்காரர்கள். அதற்கும் முன்னால், இலை சாத்தானின் வேலை என்று சபித்த ஸ்பானியப் பாதிரிமார், பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் இலை இல்லாமல் ஆள் வேலை செய்யமாட்டான் என்று தெரிந்ததும் சாபத்தைச் சுருட்டி வைத்துவிட்டு இலைக்கே வரி வாங்கினார்கள். எல்லோரும் சம்பாதித்தார்கள். பிறகு எல்லோரும் நல்லவர்களானார்கள். கூண்டில் ஏற்ற ஒருவர் வேண்டுமே. இலை அகப்பட்டது.

விசாரணையும் முறைப்படி நடந்தது. 1949-இல் ஐ.நா. ஒரு குழுவைப் பெருவுக்கும் பொலிவியாவுக்கும் அனுப்பியது. தலைவர் ஹோவர்ட் ஃபோண்டா, அமெரிக்க மருந்துக் கம்பெனி ஒன்றின் உயர் அதிகாரி. லிமாவில் இறங்கியவுடன், இன்னும் ஒரு சாட்சியைக்கூடப் பார்க்காமல், பத்திரிகைக்காரர்களிடம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: இலை கெடுதல், இந்த மக்களின் இனமே சீரழிவதற்கு அதுதான் காரணம். மனிதர் நேர்மையானவர் என்றுதான் சொல்ல வேண்டும். மற்ற கமிஷன்காரர்கள் முடிவை அறிக்கை வரும்வரை மறைத்து வைப்பார்கள். இவர் விமான நிலையத்திலேயே கொடுத்துவிட்டார். 1950-இல் அறிக்கை வந்தது. அதில் ஒரு தர்மசங்கடம். இலை மெல்லுவது போதை அடிமைத்தனம் அல்ல, ஒரு பழக்கம்தான் என்று அவர்களே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் என்ன செய்தார்கள்? ஒழிக்கச் சொன்னார்கள்.

அந்த அறிக்கையை மனையாக வைத்துத்தான் 1961-இல் நியூயார்க்கில் உடன்படிக்கை கட்டினார்கள். இலையைக் கொகெய்னோடும் ஹெராயினோடும் ஒரே பட்டியலில், முதல் அட்டவணையில் போட்டார்கள். உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 25 வருடத்துக்குள் மெல்லுகிற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். கணக்குப்படி 1989 டிசம்பரில் ஆண்டீஸ் மலையில் கடைசி இலை துப்பப்பட்டிருக்க வேண்டும். மலைக்குத் தகவல் சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இதே உடன்படிக்கையில் கஞ்சா என்பதற்கு எழுதிய விளக்கத்தைப் பாருங்கள். பூக்கும் நுனி கஞ்சா. நுனியோடு சேராத தனி இலை கஞ்சா அல்ல. இந்தியா பேசி வாங்கிய விலக்கு அது. வட இந்தியாவில் சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் அரைத்துக் குடிக்கும் பாங்கு பிழைத்தது அப்படித்தான். 1985-இல் நாம் போட்ட சட்டத்திலும் அது அப்படியே நிற்கிறது. நம் அதிகாரிகளைத் திட்ட ஆயிரம் காரணம் உண்டு, இந்த ஒன்றுக்குப் பாராட்டலாம். ஆனால் பாடம் என்ன? எழுதும் இடத்தில் ஆள் இருந்தால் இலை தப்பும். பொலிவியா, பெரு பெயரில் போனவர்கள் இலையை மெல்லுகிறவர்கள் அல்ல. மெல்லுகிறவர்களைப் பார்த்து வெட்கப்பட்ட மேல்தட்டு. பொலிவியாவை உடன்படிக்கையில் சேர்த்ததே 1976-இல் ஹூகோ பான்சர் என்ற ராணுவச் சர்வாதிகாரி. அய்மாராக்காரரிடம் கேட்டாரா என்று கேட்காதீர்கள். அவர் யாரிடமும் எதையும் கேட்டவரில்லை.

பிறகு அமெரிக்கப் பணம் வந்தது. பணத்தோடு ஹெலிகாப்டர் வந்தது. 1988 ஜூனில் பொலிவியாவின் வில்லா துனாரியில் ஊர்வலம் வந்த கோகா விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு, பலர் செத்தார்கள். அடுத்த மாதமே 1008 என்ற சட்டம் வந்தது. யுங்காஸ் மலைச் சரிவில் 12,000 ஹெக்டேர் பாரம்பரியம், சப்பாரே சமவெளியில் இருப்பது உபரி, பிடுங்கு என்றது அது. 1997-இல் முன்னாள் சர்வாதிகாரி பான்சர் இம்முறை தேர்தலில் ஜெயித்துத் திரும்பி வந்தார். அமெரிக்க உதவியோடு சப்பாரேயில் ராணுவத்தை இறக்கிச் செடி பிடுங்கினார். திட்டத்துக்கு வைத்த பெயர் 'கண்ணியத் திட்டம்'. இந்தப் பெயர் சூட்டும் திறமைக்கே தனியாக ஒரு விருது கொடுக்கலாம். துவக்கு முனையில் வயலை இழந்த குடும்பங்களுக்கு வாழை போடு, அன்னாசி போடு என்று அறிவுரை கிடைத்தது. சந்தைக்குக் கொண்டு போகச் சாலை கிடைக்கவில்லை.

அதே காலத்தில், 1998-இல், ஐ.நா. பொதுச்சபை சிறப்புக் கூட்டம் போட்டது. போதையில்லா உலகம், நம்மால் முடியும் என்பது கோஷம். கோகாவை 2008-க்குள் ஒழிப்பது அல்லது வெகுவாகக் குறைப்பது என்று தீர்மானம். 2009-இல் கூடினார்கள், கெடுவை 2019-க்குத் தள்ளினார்கள். 2019-இல் கூடினார்கள், முயற்சியைத் துரிதப்படுத்துவோம் என்றார்கள். கொலம்பியாவில் வானத்திலிருந்து கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி மழையாகப் பொழிந்தது. கோகா மேலே மட்டுமா விழும்? மரவள்ளி மேலே, ஓடை மேலே, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் மேலே. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை சொன்ன பிறகு 2015-இல்தான் நிறுத்தினார்கள். விளைவு? 2000-இல் கொலம்பியாவில் கோகா 1,63,000 ஹெக்டேர். கோடி கோடியாய் டாலர் கொட்டிய பிறகு 2023-இல் 2,53,000 ஹெக்டேர். அந்த வருடம் உலகம் தயாரித்த கொகெய்ன் 3,708 டன் என்று ஐ.நா.வே கணக்குக் கொடுத்தது. அதுவரை இல்லாத உச்சம். நம் ஊர் ஒப்பந்ததாரர் இப்படி வேலை செய்திருந்தால் கறுப்புப் பட்டியல். இவர்களுக்கு அடுத்த ஆண்டுக்கான நிதி ஒதுக்கீடு.

இப்போது மெல்லுகிறவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

சப்பாரேயின் கோகா விவசாயிகளுக்குச் சங்கம் உண்டு, ஆறு கூட்டமைப்புகள். பெண்களுக்குத் தனி அமைப்பு. சாலையை மறித்து, அடி வாங்கி, சிறை போய், 2004 அக்டோபரில் அரசோடு ஓர் உடன்பாடு கண்டார்கள். குடும்பத்துக்கு ஒரு கட்டோ. நாற்பது மீட்டர் நீளம், நாற்பது மீட்டர் அகலம். அவ்வளவுதான். அளவு நாடா பிடிப்பது அரசு ஆள். பக்கத்தில் நிற்பது சங்கத்து ஆள். கூடுதலாக நட்டவனைச் சங்கமே தட்டிக் கேட்கும், பிடுங்கச் சொல்லும், கேட்காவிட்டால் கட்டோவையே இழப்பான். பக்கத்து வீட்டுக்காரன் கண்ணுக்குத் தப்பி நாலு வரிசை கூட நட முடியுமா? செயற்கைக்கோளை ஏமாற்றலாம், பக்கத்து வீட்டை ஏமாற்ற முடியாது. சங்கத் தலைவர் ஈவோ மொரலெஸ் என்ற அய்மாராக்காரர் 2006-இல் ஜனாதிபதியானார். இதையே நாட்டுக் கொள்கையாக்கினார். 2008-இல் அமெரிக்காவின் போதை ஒழிப்புப் போலீஸை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். துப்பாக்கி போனது. 2010-இல் 31,000 ஹெக்டேராக இருந்த பொலிவியக் கோகா 2014-இல் 20,400-ஆக இறங்கியது. இதுவும் ஐ.நா. அளந்த கணக்குதான்.

வாஷிங்டன் என்ன சொன்னது? 2008-இலிருந்து ஆண்டுதோறும், குறைந்துகொண்டே வந்த அந்த வருடங்களிலும் தவறாமல், போதை ஒழிப்புக் கடமையில் பொலிவியா தோற்றுவிட்டது என்று சான்றிதழ் கொடுத்தது. உலகத்திலேயே அதிகமாகக் கொகெய்ன் மூக்கில் ஏறும் நாடு, இலையை வாயில் போடும் நாட்டுக்கு மார்க் போடுகிறது. ஃபெயில்.

ஐ.நா.வின் நாடகம் இதைவிட நயமானது. 2007 செப்டம்பரில் பொதுச்சபை பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. 144 நாடுகள் கை தூக்கின. பூர்வகுடிகளுக்குத் தங்கள் மருந்தையும் மூலிகையையும் வழக்கத்தையும் காக்கும் உரிமை உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. கைதட்டல். ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஐ.நா.வோடு சேர்ந்த சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆண்டறிக்கை வெளிவந்தது. கோகா மெல்லுவதையும் கோகா தேநீரையும் தடை செய்யுங்கள் என்று பொலிவியாவுக்கும் பெருவுக்கும் புத்தி சொன்னது. நியூயார்க் உரிமை கொடுக்கும், வியன்னா பறிமுதல் செய்யும்.

மொரலெஸ் 2006-இல் பொதுச்சபை மேடையிலேயே ஓர் இலையை எடுத்துக் காட்டினார். 2009-இல் வியன்னா கூட்டத்தில் எடுத்து வாயில் போட்டு மென்றார். யாரும் கைது செய்யவில்லை, ஜனாதிபதியாயிற்றே. 25 வருடக் கெடுவைச் சொல்லும் அந்த வாசகத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கேட்டார். இலையைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. ஏற்றுமதி கேட்கவில்லை. பணம் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் எங்கள் ஊரில் மெல்லட்டும். 2011 ஜனவரிக்குள் 18 நாடுகள் ஆட்சேபணைக் கடிதம் அனுப்பின. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, கனடா, ஜப்பான், சுவீடன். மாநாட்டுக்கு மாநாடு பூர்வகுடிகளுக்காக உருகுகிற நாடுகளும் இதில் உண்டு. உடன்படிக்கையின் கட்டுக்கோப்பு குலைந்துவிடுமாம். 27-ஆம் பிரிவு என்ற ஓட்டை வழியாக லாரி போய்வருகிறதே, அதில் குலையாத கட்டுக்கோப்பு.

அய்மாராக்காரர்கள் அழவில்லை. உடன்படிக்கையிலிருந்தே வெளியேறினார்கள். பிறகு, எங்கள் மண்ணில் மெல்லுவதற்கு விலக்கு என்ற நிபந்தனையோடு மறுபடி சேர விண்ணப்பித்தார்கள். அதைத் தடுக்க மூன்றில் ஒரு பங்கு நாடுகள், அதாவது 62 நாடுகள் எதிர்க்க வேண்டும். எதிர்த்தவை 15. 2013 ஜனவரியில் பொலிவியா உள்ளே வந்துவிட்டது. வழக்கறிஞர் பட்டாளம் வைத்திருக்கும் நாடுகள் எழுதிய சட்டத்தில், இலை மெல்லுகிறவர்கள் கதவைக் கண்டுபிடித்தார்கள். போதைக் கொள்கை வரலாற்றில் இதுபோல் நடந்தது இல்லை. பெரிய பத்திரிகைகளில் எத்தனை முதல் பக்கம் வந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

மொரலெஸைத் தோளில் தூக்கி ஆட நான் வரவில்லை. 2011 செப்டம்பரில், தங்கள் காட்டுக்கு நடுவே சாலை போடாதே என்று நடந்து வந்த தாழ்நிலப் பூர்வகுடிகளைச் சப்பரீனாவில் அவருடைய போலீஸ்தான் அடித்து விரட்டியது. பூர்வகுடித் தலைவரின் லத்தியும் பூர்வகுடி முதுகில் அதே மாதிரிதான் விழுகிறது. பொலிவியாவின் கோகாப் பரப்பளவும் பிற்காலத்தில் திரும்ப ஏறியது. இதையெல்லாம் சொல்லித் திட்டுகிற உரிமை அந்த மக்களுக்கு உண்டு, திட்டியும் இருக்கிறார்கள். ஆட்சேபணைக் கடிதம் அனுப்பிய 18 பேருக்கு அந்த உரிமை எந்தக் கடையில் கிடைத்தது?

விஞ்ஞானம் பேசலாம் என்பார்கள். பேசினார்கள். உலக சுகாதார நிறுவனம் 19 நாடுகளில் கொகெய்ன் பற்றி ஆய்வு நடத்தி 1995-இல் முடிவை எடுத்து வைத்தது. கோகா இலையை மெல்லுவதால் உடலுக்குக் குறிப்பிடத்தக்க கேடு தெரியவில்லை என்பதும் அதில் ஒன்று. உலக சுகாதாரப் பேரவையில் அமெரிக்கப் பிரதிநிதி எழுந்தார். இப்படியெல்லாம் ஆய்வு செய்தால் நிதியை நிறுத்த வேண்டியிருக்கும் என்ற பொருளில் பேசி உட்கார்ந்தார். அறிக்கை இன்றுவரை முறைப்படி அச்சேறவில்லை.

இப்போது வியன்னாவில் காற்று மாறியிருக்கிறதாம். மார்ச் மாதக் கூட்டங்களில் பூர்வகுடிப் பங்கேற்பு என்று அமர்வுகள். இறகு சூடியவரை முன்வரிசையில் உட்கார வைத்துப் படம். தொல் ஞானம் என்று பேச்சு. அமெரிக்காவில் காளானையும் கள்ளிச் செடியையும் மன அழுத்தத்துக்கு மருந்தாக்க முதலீட்டாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வேர் எடுத்துக் கொடுத்த சமூகத்துக்கு நன்றியுரையில் ஒரு வரி. எல்லாம் உண்டு. ஓட்டு மட்டும் கிடையாது. போதைப்பொருள் ஆணையத்தில் 53 நாற்காலி, அத்தனையும் அரசுகளுக்கு. அய்மாராக்காரர் உள்ளே வர வேண்டுமானால் முதலில் ஒரு நாட்டின் ஜனாதிபதியாக வேண்டும். ஒருவர் ஆகிக் காட்டினார், அதற்கும் 18 கடிதம்.

கொலம்பியாவில் ஃபபியோலா பின்யாகுவே என்ற நாசாப் பெண்மணி கோகா இலையில் தேநீர், பானம், பிஸ்கட் செய்து விற்கும் தொழிலை நடத்துகிறார். பெயர் கோகா நாசா. 2007-இல் அந்நாட்டு மருந்து, உணவுக் கட்டுப்பாட்டு அமைப்பு பூர்வகுடி எல்லைக்கு வெளியே விற்கக் கூடாது என்றது. சட்டம், போகட்டும். 'கோகா போலா' என்று ஒரு பியர் இறக்கினார்கள். 2021-இல் கோகோ கோலாவின் வழக்கறிஞர்களிடமிருந்து கடிதம் வந்தது. அந்தப் பெயரைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள், கெடு இத்தனை நாள். அந்த மலையில் அந்தச் செடி முளைத்தபோது அட்லாண்டா என்ற ஊரே இல்லை. நாசாக்காரர்கள் திருப்பிக் கடிதம் போட்டார்கள்: எங்கள் புனித இலையின் பெயரை நீங்கள் யாரைக் கேட்டு வைத்தீர்கள், விளக்கம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எங்கள் எல்லைக்குள் உங்கள் பானம் விற்க முடியாது.

2023-இல் பொலிவியாவின் அப்போதைய துணை ஜனாதிபதி, அய்மாராக்காரர் டேவிட் சோக்கேவாங்கா இலை விஷயத்தை வியன்னாவுக்கே கொண்டு போனார். அந்த ஆண்டே பொலிவியா, கொலம்பியாவின் ஆதரவோடு, இலை பட்டியலில் இருக்க வேண்டுமா என்று மறுஆய்வு செய்ய உலக சுகாதார நிறுவனத்திடம் முறைப்படி கேட்டது. ஃபோண்டா விமான நிலையத்தில் சொன்ன தீர்ப்பின் மேல் மறுஆய்வு. நடுவே எழுபது வருடத்துக்கு மேல். நிபுணர்கள், வரைவு, கருத்துக் கேட்பு, அதன் பிறகு 53 நாற்காலியின் வாக்கெடுப்பு. பொலிவியாவின் இலை அதன் எல்லையைத் தாண்ட இத்தனையும் முடிய வேண்டியிருந்தது. பெருவிலிருந்து நியூஜெர்சிக்குப் போகும் மூட்டைகள் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றை எதிர்த்து எந்த நாடும் ஆட்சேபணைக் கடிதம் எழுதியதில்லை.